பூட்டாத கிடங்கு

ஒரு பெரிய ஸ்தாபனத்தின் சரித்திரத்தை அதன் மூலதனத்திலிருந்தோ, அது விற்ற சரக்கிலிருந்தோ தொடங்குவதுதான் வழக்கம். நான் ஒரு பூட்டிலிருந்து தொடங்குகிறேன். கதை எழுதுகிறவனுக்குப் புள்ளி விவரங்களைக் காட்டிலும் பூட்டும் சாவியும் அதிகமாகப் பேசும் என்பது ஒரு காரணம். நான் சொல்லப் போகும் கதையில் உண்மையாகவே ஒரு பூட்டுக்கு முக்கியமான வேஷம் இருக்கிறது என்பது இன்னொரு காரணம்.

1930-களின் பிற்பகுதி. அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஷெனெக்டடி நகரம். அங்கே ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் பிரம்மாண்டமான தொழிற்சாலை. டேவிட் பாக்கர்ட் என்ற இளம் இஞ்சினீயர் அதில் வேலை பார்த்து வந்தார். கம்பெனிக்குத் தன் சிப்பந்திகள்மேல் ஓயாத சந்தேகம். கைக்கருவிகளும் உதிரி பாகங்களும் வைத்திருந்த பெட்டிகளுக்குக் கட்டுக் காவல் போட்டிருந்தார்கள். விளைவு என்ன தெரியுமா? 'எங்களைத் திருடர்கள் என்று முடிவு கட்டிவிட்டீர்கள் அல்லவா? அப்படியானால் அதை மெய்யாக்கிக் காட்டுகிறோம்' என்று சொல்லாமல் சொல்லுகிறவர்களைப் போல, பலர் சமயம் வாய்த்தபோதெல்லாம் கையில் கிடைத்ததைக் கொண்டுபோனார்கள். காவல் இருந்தது, களவும் வளர்ந்தது.

அடுத்த காட்சி கலிபோர்னியாவில். சில வருஷங்கள் கழிந்துவிட்டன. பாக்கர்ட் இப்போது சிப்பந்தி அல்லர். தம் கல்லூரித் தோழர் வில்லியம் ஹ்யூலெட்டுடன் கூட்டாக ஒரு கம்பெனிக்குச் சொந்தக்காரர். ஒரு வார இறுதியில், தொழிற்சாலையில் ஆள் நடமாட்டம் இல்லாத நாளில், ஹ்யூலெட் ஒரு மைக்ராஸ்கோப் தேவைப்பட்டுக் கிடங்குக்குப் போனார். கிடங்கு பூட்டிக் கிடந்தது. முதலாளிதானே, காவலாளியைக் கூப்பிட்டுச் சாவி கேட்டிருக்கலாம். அவர் கேட்கவில்லை. தாழ்ப்பாளை உடைத்துத் திறந்தார். இந்த அறையை இனிமேல் பூட்டக்கூடாது என்று ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனார்.

பாக்கர்ட் தம் வயோதிக காலத்தில், 1995-ஆம் வருஷம் வெளியிட்ட புத்தகத்தில் இந்த இரண்டு சம்பவங்களையும் சொல்லியிருக்கிறார். கிடங்கைத் திறந்து வைப்பதற்கு அவர் கண்ட நியாயம் சாதுவான தர்ம உபதேசம் அன்று, வியாபாரியின் கணக்கு. இஞ்சினீயர் ஒருவர் ஒரு பாகத்தை எடுத்து வைத்து விளையாடினாலும், வீட்டுக்கே கொண்டுபோய் எதையாவது செய்து பார்த்தாலும், எதையோ ஒன்றைக் கற்றுக்கொண்டுதான் திரும்புவார். அது கம்பெனிக்குத்தானே லாபம்? அதற்கு மேலாக, 'உன்னை நான் நம்புகிறேன்' என்பதை ஆயிரம் சொற்பொழிவில் சொல்ல முடியாத விதத்தில் ஒரு திறந்த கதவு சொல்லிவிடுகிறது.

ஹ்யூலெட்-பாக்கர்ட் என்ற அந்தக் கம்பெனியைச் சுருக்கமாக எச். பி. என்பார்கள். அதன் பெயர் பொறித்த அச்சு யந்திரமோ கம்ப்யூட்டரோ இல்லாத ஆபீஸ் நம் ஊரிலேயே அபூர்வம். ஒரு காலத்தில் அங்கே வேலை செய்தவர்கள் தம்மைக் குடும்பத்தவர் போல எண்ணிக்கொண்டு உழைத்தார்கள். பிறகு அந்த எண்ணம் தேய்ந்து, மனசு விட்டுப்போயிற்று. ராஜ்யங்கள் சரிந்த கதையைச் சரித்திர ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். கோட்டை விழுந்த தேதி அவர்களிடம் இருக்கும். கோட்டையைக் காத்து நின்றவனுக்கு எந்தத் தேதியில் மனசு விட்டுப்போயிற்று என்பது பெரும்பாலும் இருக்காது. எச். பி.யின் கதையில் அந்தத் தேதியைக்கூட ஏறக்குறையச் சொல்லிவிடலாம். அதனால்தான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஹ்யூலெட்டும் பாக்கர்ட்டும் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் ஒன்றாகப் படித்தவர்கள். ஃபிரெடெரிக் டெர்மன் என்ற பேராசிரியர்தான், எங்கோ கிழக்கே போய்ப் பிறருக்குக் கைகட்டி நிற்பதைவிட இங்கேயே சொந்தமாகத் தொழில் தொடங்கலாமே என்று அவர்களைத் தூண்டியவர். பாலோ ஆல்டோ நகரில், அடிசன் அவென்யூவில், 367-ஆம் இலக்கமுள்ள வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். பாக்கர்ட்டும் அவர் மனைவி லூசிலும் வீட்டில். பிரம்மசாரியான ஹ்யூலெட் கொல்லையில் இருந்த சின்னக் குடிசையில். தொழில் மோட்டார் கொட்டகையில். 1939-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி கூட்டு வியாபாரம் முறைப்படி ஆரம்பமாயிற்று. கைமுதல் 538 டாலர். யார் பெயர் முதலில் வருவது என்பதைக் காசு சுண்டிப் பார்த்துத் தீர்மானித்தார்கள்.

அவர்களுடைய முதல் சரக்கு, ஒலி அலைகளை வேண்டிய அளவில் எழுப்பிச் சோதனை செய்வதற்கான ஆஸிலேட்டர். அதன் முன்பலகைக்கு வர்ணம் பூசி, லூசில் அம்மாள் சமையல் செய்யும் அடுப்பிலேயே வைத்துச் சுட்டெடுத்தார்களாம். வால்ட் டிஸ்னியின் படக் கம்பெனி 'ஃபாண்டேஸியா' படத்துக்காக 8 கருவிகள் வாங்கியது. அதுதான் நல்ல சகுனம். சில வருஷங்களில் கொட்டகை போதாமல் சொந்தக் கட்டடம் கட்டினார்கள். தொழில் நொடித்துப் போனால் மளிகைக் கடைக்காவது வாடகைக்கு விடலாம் என்று எண்ணி அதற்கேற்றவாறு கட்டினார்கள் என்றால், எவ்வளவு ஜாக்கிரதையான பேர்வழிகள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த ஜாக்கிரதைதான் அவர்களை ஒரு கொள்கையில் கொண்டுவந்து நிறுத்தியது. அந்தக் காலத்தில் பெரிய சர்க்கார் ஒப்பந்தம் கிடைத்தால் கூட்டம் கூட்டமாக ஆள் எடுப்பதும், ஒப்பந்தம் முடிந்ததும் அவர்களை வீட்டுக்கு அனுப்புவதும் சர்வ சாதாரணம். நாங்கள் அப்படி ஒரு கம்பெனியாக இருக்கப் போவதில்லை என்று இருவரும் முடிவு செய்தார்கள். நாளைக்கு வேலை கொடுக்க முடியாதவனை இன்றைக்கு அழைக்கக்கூடாது. இது அவர்கள் விதி. விதி எப்போதும் பூரணமாக நிறைவேறியது என்று சொல்லுவதற்கில்லை. யுத்தம் முடிந்ததும் 1946-இல் விற்பனை பெரிதும் சரிந்தது. ஆட்களின் எண்ணிக்கையும் சுருங்கத்தான் செய்தது. அவர்களைத் தேவதைகளாக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் விதி என்று ஒன்று இருந்தது. அதை மீறும்போது மனசு உறுத்தியது. இன்று பல இடங்களில் அந்த உறுத்தலே இல்லை.

1940-களில் சிப்பந்திகளில் ஒருவருக்கு க்ஷயரோகம் கண்டது. 2 வருஷம் வேலைக்கு வர முடியாத நிலை. அந்தக் குடும்பம் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்த பிறகு, பெரும் வியாதிகள் வந்தால் சிப்பந்திகளின் குடும்பங்களைக் காப்பாற்றும் வைத்திய இன்ஷூரன்ஸ் திட்டத்தைக் கம்பெனி ஏற்படுத்தியது. அந்த நாளில் அது அமெரிக்காவிலேயே புதுமை. லாபத்தில் பங்கு எல்லோருக்கும் உண்டு. 1957-ஆம் வருஷம் பங்குகள் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தன. அதே வருஷம் சோனோமா என்ற ஊரில் முக்கிய நிர்வாகிகள் கூடிக் கம்பெனியின் நோக்கங்களை எழுத்தில் வடித்தார்கள். அதில் லாபத்துக்கு இடம் இருந்தது. வாடிக்கைக்காரருக்கு இடம் இருந்தது. வேலை செய்கிறவர்களுக்கும் தனி இடம் இருந்தது.

எழுத்தில் வடிப்பதில் என்ன இருக்கிறது? எந்த ஸ்தாபனத்தின் சுவரில்தான் பொன்மொழி தொங்கவில்லை! சுவரில் எழுதியதற்கும் நடப்பதற்கும் உள்ள தூரம்தான் விஷயம். எச். பி.யில் அந்தத் தூரம் குறைவாக இருந்தது. கதவு போட்ட தனி அறைகள் அபூர்வம். முதலாளிகளைக் கடைசிச் சிப்பந்திகூட 'பில்', 'டேவ்' என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான். நமக்குக் கேட்கவே கூச்சமாக இருக்கும். அவர்கள் நாட்டு வழக்கம் அது. நிர்வாகி என்றால் நாற்காலியில் உட்கார்ந்து அறிக்கை படிப்பவர் அல்லர். பட்டறையில் நடந்து, மேஜைக்கு மேஜை நின்று, 'என்ன செய்கிறாய்?' என்று கேட்கிறவர். 1967-ஆம் வருஷம் ஜெர்மனியில் இருந்த தொழிற்சாலையில் ஒரு புது ஏற்பாடு செய்தார்கள்: ஒரு வரம்புக்குள் அவரவருக்குச் சௌகரியமான நேரத்தில் வந்து, உரிய மணி நேரம் வேலை செய்துவிட்டுப் போகலாம். பின்னால் அமெரிக்காவிலும் அதைக் கொண்டுவந்தார்கள்.

இவை எல்லாம் நல்ல காலத்துச் சமாசாரங்கள். பந்தியில் பாயசம் பரிமாறும்போது எல்லோரும் உறவினர்தான். இலை காலியாகும்போதுதான் உறவு தெரியும்.

இலை காலியாகும் நாள் 1970-இல் வந்தது. அமெரிக்காவில் வியாபார மந்தம். வந்த ஆர்டர்கள் உற்பத்தித் திறனைவிடச் சுமார் 10 சதவீதம் குறைவு. பாக்கர்ட் அப்போது வாஷிங்டனில் ராணுவ இலாகாவின் துணை மந்திரியாக இருந்தார். கம்பெனியை ஹ்யூலெட் கவனித்து வந்தார். மற்றக் கம்பெனிகள் செய்ததையே அவரும் செய்திருக்கலாம்: நூற்றுக்குப் பத்துப் பேரை அனுப்பிவிட்டால் கணக்கு நேராகிவிடும். அவர் வேறு கணக்குப் போட்டார். ஒருவரையும் அனுப்பவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் வேலை கிடையாது. எல்லோருக்கும் சம்பளத்தில் 10 சதவீதம் குறைவு. எல்லோருக்கும் என்றால், தலைவரிலிருந்து தரை பெருக்குகிறவர் வரைக்கும். பத்து நாள் வேலை ஒன்பது நாளாயிற்று. பத்துப் பங்குக் கூலி ஒன்பது பங்காயிற்று. சுமார் 6 மாதத்தில் ஆர்டர்கள் திரும்பின. பழைய சம்பளமும் திரும்பியது.

பத்துச் சதவீதம் சம்பளம் குறைந்தால் எந்தக் குடும்பத்திலும் கஷ்டம்தான். ஆனால் அந்த 6 மாதத்தைப் பற்றிப் பல காலம் கழித்தும் அங்கே பேசினவர்கள் பெருமையாகவே பேசினார்கள். என் அபிப்பிராயத்தில் அதற்குக் காரணம் லேசானது. கஷ்டத்தின் அளவு எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதன் காரணம் தெரிந்திருந்தது. தலைக்கட்டுக்குத் தலைக்கட்டு சமமாக விழுந்தது. சொன்ன சொல் சொன்னபடியே முடிந்தது. அடுத்த மேஜைக்காரன் போய்விட்டான், நல்ல வேளை நான் தப்பித்தேன் என்று யாரும் தனக்குள் வெட்கத்துடன் சந்தோஷப்பட வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

இப்படி மனசு நிறைந்த இடத்தில் வேலை எப்படி நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். சட்டைப் பையில் அடங்கும்படி ஒரு கணக்கு யந்திரம் வேண்டும் என்று ஹ்யூலெட் கேட்டார். விலை அதிகம், வாங்குவார் குறைவு என்று சந்தை நிலவரம் ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். இருந்தும் அவருடைய ஆட்கள் செய்து முடித்தார்கள். 1972-இல் எச். பி. 35 என்ற பெயரில் 395 டாலர் விலையில் அது வெளிவந்தது. முதல் வருஷத்திலேயே சுமார் 1,00,000 விற்றது. இஞ்சினீயர்கள் பல தலைமுறையாகக் கையில் வைத்திருந்த ஸ்லைடு ரூல் அன்றோடு பெட்டிக்குள் போயிற்று.

இன்னோர் உதாரணம், எச். பி. தவறவிட்ட ஒன்று. அந்தக் கணக்கு யந்திரப் பிரிவில் ஸ்டீவ் வாஸ்னியாக் என்ற வாலிபர் இருந்தார். ஓய்வு நேரத்தில் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் செய்து, விசுவாசமாக முதலில் தம் கம்பெனியிடமே கொண்டுபோய்க் காட்டினார். வேண்டாம் என்றார்கள். அந்தக் கம்ப்யூட்டரில்தான் ஆப்பிள் கம்பெனி பிறந்தது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், மறுக்கப்பட்ட பிறகும் அவருக்கு எச். பி.யை விட்டுப் போக மனம் வரவில்லை. ஆயுள் முழுவதும் அங்கேயே இஞ்சினீயராக இருந்துவிடவே விரும்பியதாக அவரே சொல்லியிருக்கிறார். நிர்வாகம் தவறு செய்யலாம். தவறு ஒன்றினால் மனசு முறிந்துவிடுவதில்லை. மனசு முறிவது வேறு காரியத்தினால்.

வருஷங்கள் ஓடின. கம்பெனி பெருத்தது. பெருத்த உடம்புக்கு வரும் மூச்சுத் திணறலும் வந்தது. ஒரு சின்ன விஷயத்துக்குக்கூட ஏழெட்டுக் கமிட்டி. ஒவ்வொரு கமிட்டிக்கும் ஓர் ஆட்சேபணை. 1990-இல், எழுபது வயதைத் தாண்டிய இரண்டு கிழவர்களும் மறுபடி பட்டறைகளுக்குள் நடந்து போய், சிப்பந்திகளின் குறைகளைக் கேட்டு, அந்தக் கமிட்டிக் காட்டை வெட்டித் திருத்த உதவினார்கள். 1996-இல் பாக்கர்ட் காலமானார். அப்போது கம்பெனியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள்.

1999-ஆம் வருஷம் இரண்டு பெரிய காரியங்கள் நடந்தன. கொட்டகையில் தொடங்கிய அளவைக் கருவித் தொழிலை, அதாவது வேரை, அஜிலெண்ட் என்று வேறு பெயரிட்டுத் தனிக் கம்பெனியாகப் பிரித்துவிட ஏற்பாடாயிற்று. ஜூலை மாதத்தில் லூசெண்ட் கம்பெனியிலிருந்து கார்லி ஃபியோரினா என்ற அம்மாள் தலைமைப் பதவிக்கு வந்தார். வெளியிலிருந்து தலைமைக்கு வந்தவர் அதற்கு முன் அங்கே ஒருவரும் இல்லை. அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். உலகம் வேகமாக மாறிக்கொண்டிருந்தது, எச். பி. மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது, பழம்பெருமை சோம்பலுக்குப் போர்வையாகிவிடும் அபாயம் மெய்யாகவே இருந்தது. வேகம் வேண்டும் என்று டைரக்டர்கள்தான் அவரை அழைத்து வந்தார்கள். கம்பெனி தன் சின்னத்தை மாற்றியது. 'கொட்டகையின் விதிகள்' என்று ஒரு பட்டியல் தயாரித்து விளம்பரம் செய்தது. 2000-ஆம் வருஷம் அடிசன் அவென்யூ வீட்டையும் கொட்டகையையும் விலைக்கே வாங்கிவிட்டது. தகப்பனாரின் படத்துக்குத் தங்கச் சட்டம் போட்டாயிற்று.

2001-ஆம் வருஷம் ஜனவரியில் ஹ்யூலெட்டும் கண்ணை மூடினார். அந்த வருஷம்தான் இன்டர்நெட் வியாபாரக் குமிழி உடைந்து, தொழில் உலகம் முழுவதும் தத்தளித்தது. எச். பி.யும் தத்தளித்தது. சில ஆயிரம் இடங்களைக் குறைப்பதாக ஏற்கெனவே அறிவித்திருந்தார்கள். கோடை காலத்தில் நிர்வாகம் சிப்பந்திகள் முன்னால் ஒரு வேண்டுகோள் வைத்தது. மனமுவந்து செய்யலாம், கட்டாயம் இல்லை. சம்பளத்தில் 10 சதவீதம் விட்டுக்கொடுக்கலாம். அல்லது 5 சதவீதமும் 4 நாள் விடுமுறையும். அல்லது 8 நாள் விடுமுறை. எதுவும் செய்யாமலும் இருக்கலாம்.

கம்பெனியில் தொண்ணூறாயிரத்துச் சொச்சம் பேர். அவர்களில் 80,000 பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். விட்டுக்கொடுத்த தொகை சுமார் 13 கோடி டாலர்.

இந்த இடத்தில் வாசகர்கள் சற்று நின்று யோசிக்க வேண்டும். கட்டாயம் இல்லை என்று சொன்ன பிறகு, பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் தம் கூலியைத் தாமே குறைத்துக்கொள்வது உலகத்தில் எத்தனை இடத்தில் நடக்கும்? புது நிர்வாகம் வந்து 2 வருஷந்தான் ஆகியிருந்தது. அந்த 80,000 கையெழுத்தும் அதன் பேச்சு சாமர்த்தியத்தில் விழுந்தவையா? இல்லை. திறந்து கிடந்த கிடங்கு, க்ஷயரோகம் கண்டவனின் குடும்பம், 1970-இல் வேலை இல்லாமல் போன அந்த வெள்ளிக்கிழமைகள் ஆகிய எல்லாம் சேர்ந்து போட்டு வைத்த வைப்பு நிதி அது. அறுபது வருஷமாகச் சேர்ந்த நிதியின்மேல் ஒரு காசோலை எழுதினார்கள், அது செல்லுபடியாயிற்று.

ஜூலை மாதம் 26-ஆம் தேதி கம்பெனி அறிவித்தது: 6,000 பேருக்கு வேலை போகும்.

கையெழுத்திட்ட மை காய்ந்து சில வாரம்கூட ஆகவில்லை. சம்பளத்தை விட்டுக்கொடுத்தவனும் அந்தப் பட்டியலில் இருக்கலாம். விட்டுக்கொடுத்தால் வேலை நிச்சயம் என்று யாரும் முத்திரைத் தாளில் எழுதிக் கொடுக்கவில்லைதான். சட்டப்படி ஒரு குற்றமும் இல்லை. ஆனால் அந்த வீட்டில் 1970-இன் ஞாபகம் இருந்தது. 'எல்லோரும் கொஞ்சம் குறைத்துக்கொள்வோம்' என்ற பேச்சுக்கு அங்கே ஓர் அர்த்தந்தான் உண்டு: 'ஒருவரும் போக வேண்டாம்.' நிர்வாகத்துக்கு அந்த அர்த்தம் தெரியாமல் போயிற்றோ, தெரிந்தும் வசதியாக மறந்ததோ, பலன் ஒன்றுதான்.

செப்டம்பர் மாத ஆரம்பத்தில் அடுத்த அறிவிப்பு வந்தது. காம்பாக் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியைச் சுமார் 2,500 கோடி டாலர் மதிப்பில் எச். பி. வாங்கப் போகிறது, இரண்டும் சேர்ந்தபின் சுமார் 15,000 இடங்கள் மிஞ்சும், அவை ரத்தாகும். ஒரு பக்கம் 13 கோடிக்குச் சிப்பந்திகளிடம் கையேந்தல். மறு பக்கம் 2,500 கோடிக்குக் கொள்முதல். பங்குகளைக் கொடுத்து வாங்குவது வேறு, ரொக்கச் செலவு வேறு என்று கணக்குப் படித்தவர்கள் விளக்குவார்கள். அது வாஸ்தவமே. ஆனால் மாதக் கடைசியில் வீட்டுச் செலவைக் குறைத்துக்கொண்ட மனிதனுக்கு அந்த விளக்கம் எப்படி இனிக்கும்?

பிறகு நடந்தது பெரிய யுத்தம். ஸ்தாபகரின் மகன் வால்டர் ஹ்யூலெட் அந்த இணைப்பை எதிர்த்துக் கொடி தூக்கினார். பாக்கர்ட்டின் மகனும் எதிர்த்தார். நிர்வாகம் பங்குதாரர்களுக்கு வெள்ளை வாக்குச் சீட்டு அனுப்பியது. வால்டர் பச்சைச் சீட்டு அனுப்பினார். சிப்பந்திகளில் பலரும் பங்குதாரர்களே. 2002-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 19-ஆம் தேதி வாக்கெடுப்பு. நிர்வாகம் ஜெயித்தது, ஆனால் நூற்றுக்கு 51-க்கும் 49-க்கும் உள்ள வித்தியாசத்தில். வால்டர் நீதிமன்றம் போய்ப் பார்த்தார், பயன் இல்லை. மே மாதம் இரண்டு கம்பெனிகளும் ஒன்றாயின.

2005-ஆம் வருஷம் பிப்ரவரியில் டைரக்டர்கள் ஃபியோரினாவையே வெளியேறச் சொன்னார்கள். போகும்போது அவர் பெற்றது சுமார் 2 கோடி 10 லட்சம் டாலர். அடுத்து வந்த மார்க் ஹர்ட் அந்த ஜூலையிலேயே 14,500 பேரைக் குறைப்பதாக அறிவித்தார். அதே 2005-இல் அடிசன் அவென்யூ கொட்டகையைப் பழைய மாதிரியே செப்பனிட்டு முடித்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

மறு வருஷம் வெளிவந்த விஷயம், கதையில் எழுதினால் மிகைப்படுத்துகிறான் என்பார்கள். டைரக்டர்கள் கூடிப் பேசும் ரகசியங்கள் பத்திரிகைகளுக்குப் போகின்றன என்று சந்தேகம். கண்டுபிடிக்கத் துப்பறிகிறவர்களை ஏவினார்கள். அந்தத் துப்பறிகிறவர்கள் பொய்ப் பெயர் சொல்லி, டைரக்டர்களும் பத்திரிகையாளர்களும் யார் யாருடன் டெலிபோனில் பேசினார்கள் என்ற கணக்கைத் தந்திரமாகப் பெற்றார்கள். 2006 செப்டம்பரில் குட்டு வெளிப்பட்டது. டைரக்டர் குழுத் தலைவி பட்ரீஷியா டன் பதவி விலகினார். கிடங்குக்குப் பூட்டுப் போட்டதற்காகத் தாழ்ப்பாளை உடைத்தவர் உட்கார்ந்த நாற்காலிகள் அவை. நம்பிக்கை போன வீட்டில் கடைசியில் பெரியவர்களே ஒருவர்மேல் ஒருவர் காவல் போடுகிறார்கள்.

ஆனால் ஒரு நேர்மையான ஆட்சேபணைக்குப் பதில் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. 'சிப்பந்திகளின் மனசு முறிந்தது என்கிறீரே, கம்பெனி முறிந்ததா? 2007-ஆம் வருஷம் அதன் வருஷாந்தர விற்பனை 10,000 கோடி டாலரைத் தாண்டவில்லையா? தனிநபர் கம்ப்யூட்டர் விற்பனையில் அது உலகத்தில் முதல் இடத்துக்கு வரவில்லையா?' என்று கேட்கலாம். உண்மைதான். மனசு விட்டுப்போவது காய்ச்சல் மாதிரி மறுநாளே தெரிவதில்லை. கரையான் பிடித்த உத்தரம் பல காலம் கூரையைத் தாங்கிக்கொண்டுதான் நிற்கும். 2008-இல் ஈ. டி. எஸ். என்ற கம்பெனியை வாங்கியபின் 24,600 இடம் ரத்து. 2009-இல் மறுபடி சம்பளக் குறைப்பு; இம்முறை விருப்பத்தைக் கேட்கவில்லை, உத்தரவு போட்டார்கள். 2010-க்கும் 2011-க்கும் இடையில் தலைமை இரண்டு முறை கைமாறியது. 2011-இல் ஆட்டானமி என்ற கம்பெனியை 1,000 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கி, மறு வருஷமே அதில் 880 கோடியை நஷ்டக் கணக்கில் எழுதினார்கள். 2012-இல் 27,000 இடம் ரத்து என்று அறிவித்து, பின் வந்த வருஷங்களில் அந்தத் தொகையை மேலும் மேலும் உயர்த்தினார்கள். 2015 நவம்பர் முதல் தேதி கம்பெனி இரண்டாகப் பிளந்தது. இவை அனைத்துக்கும் மனமுறிவு ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். தொழிலில் ஏற்ற இறக்கம் உண்டு. எதிர்பாராத போட்டி உண்டு. ஆனால் 1970-இல் வந்ததும் இறக்கந்தானே?

இரண்டு வருஷங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1970-இல் போனதும் பத்துச் சதவீதம். 2001-இல் பலர் கொடுத்ததும் அதே பத்துச் சதவீதம். 1970-இல் அது உத்தரவு. 2001-இல் அது தானம். மேலோட்டமாகப் பார்த்தால் உத்தரவுதான் கசக்க வேண்டும், தானம் இனிக்க வேண்டும். நடந்தது நேர் எதிர். ஏன்? உத்தரவுக்குப் பணிந்தவன் முணுமுணுத்துவிட்டு மறந்துவிடுவான். அதில் அவன் மானம் சம்பந்தப்படவில்லை. தானாகக் கொடுத்தவன் தன் மனசையும் சேர்த்துக் கொடுக்கிறான். கொடுத்ததை வாங்கி வைத்துக்கொண்டு கையை உதறிவிட்டால், அவன் இழந்த பணம் அவனுக்குப் பெரிதாகத் தெரியாது. 'நான் ஏமாந்தவன்' என்று வீட்டில் மனைவி முன்னால், பக்கத்து மேஜை நண்பன் முன்னால் அவனுக்கு ஒரு வெட்கம் வந்துவிடுகிறது. அந்த வெட்கத்தை எந்த நிர்வாகமும் போனஸ் கொடுத்துத் துடைக்க முடியாது. மறுபடி அப்படி வெட்கப்படக் கூடாது என்று அவன் ஒரு சங்கற்பம் செய்துகொள்கிறான்: கொடுத்த கூலிக்கு அளந்து வேலை, அதற்கு மேல் ஒரு மயிரிழையும் இல்லை. அதற்குத்தான் மனசு விட்டுப்போவது என்று பெயர்.

இப்படி அளந்து வேலை செய்கிறவனை யாரும் சோம்பேறி என்று சொல்ல முடியாது. காலத்துக்கு வருகிறான், காலத்துக்குப் போகிறான், கேட்ட அறிக்கையைக் கொடுக்கிறான். ஆனால் வார இறுதியில் ஏதோ ஒரு யோசனை உதித்து, அதைச் செய்து பார்க்காமல் இருப்புக்கொள்ளாமல், கிடங்குக்குப் போய் ஒரு பாகத்தைத் தேடுகிறவன் இருக்கிறானே, அவன் மட்டும் காணாமல் போய்விடுகிறான். எச். பி.யை எச். பி.யாக்கியது அவன்தான். அவன் காணாமல் போன தேதி எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

நம் வீட்டுப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இன்று இம்மாதிரிப் பெருங் கம்பெனிகளில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். 'கம்பெனி ஒரு குடும்பம்' என்ற பேச்சு அவர்கள் காதிலும் அடிக்கடி விழுகிறது. குடும்பம் என்ற சொல் லேசான சொல் அன்று. அதைச் சொல்லுகிறவர் ஹ்யூலெட் 1970-இல் செய்த கணக்கைச் செய்யத் தயாராக இருந்தால்தான் சொல்லலாம். தயாராக இல்லாதவர், 'இது வியாபாரம். இன்ன வேலைக்கு இன்ன கூலி' என்று நேராகச் சொல்லிவிடுவது எவ்வளவோ மேல். அதில் யாரும் ஏமாறுவதில்லை.

அடிசன் அவென்யூவில் அந்தக் கொட்டகை இன்றும் இருக்கிறது. சிலிக்கன் பள்ளத்தாக்கு பிறந்த இடம் என்று அதன் முன்னால் பலகை நாட்டியிருக்கிறார்கள். தூர தேசங்களிலிருந்து வருகிறவர்கள் நடைபாதையில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பொதுமக்கள் உள்ளே போய்ப் பார்க்க அனுமதி கிடையாது.